றொப், ஸ்டீல், பிறகு ஒரு லூட்

களவைப் பற்றி இங்கிலிஸில எழுத வெளிக்கிட்டா முதல்ல வந்து நிக்கிற வினை ரெண்டு, ஒண்டு ஸ்டீல், மற்றது றொப். (குசினியில இருக்கிற ஸ்டீல் சட்டிக்கும் அதே சத்தம் தான், தமிழில எழுதேக்க பிரிச்சுக் காட்ட வழியில்ல, பொறுத்துக்கொள்ளுங்கோ.) இஞ்ச எந்த ரியூசன் கொப்பியைப் பிரிச்சாலும் இந்த ரெண்டுக்கும் ஒரே விளக்கம் தான் கிடக்கும். ஸ்டீல் எண்டா ஆருக்கும் தெரியாமல் எடுக்கிறது, றொப் எண்டா வெருட்டி அடிச்சுப் பறிக்கிறது. பக்கத்தில களவு, கொள்ளை எண்டு தமிழும் எழுதி, சிவப்புப் பேனையால கீழ்க்கோடும் அடிச்சிருப்பினம். உதைப் பிழையெண்டு சொல்ல ஏலாது, ஆனா உதை மட்டும் வச்சுக்கொண்டு ஒரு வசனம் சரியா எழுதவும் ஏலாது, ஏனெண்டா எங்கட பெடியள் சறுக்கிறது கருத்தில இல்ல, அந்த வினைக்குப் பக்கத்தில ஆரைக் கொண்டுபோய் இருத்திறது எண்டதில.

எங்கட ஒழுங்கையில ஒரு மாமி வீட்டுக் கிணத்தடியில இருந்த வோட்டர் பம்மை இரவோட இரவா ஆரோ கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். வந்த கள்ளர் சரியான நிதானமான ஆக்கள், பைப்பை வெட்டேல்ல, பம் இருந்த இடத்தில நாலு நட்டையும் கழட்டிக் கிணத்துக் கட்டில வரிசையா அடுக்கி வச்சிட்டுத்தான் போயிருக்கிறாங்கள், வளவுக்குள்ள கட்டியிருந்த நாய் ஒருக்காக்கூடக் குலைக்கேல்ல. மாமின்ர மகள் லண்டனில, மருமகன் வெள்ளைக்காரன், அதால குடும்பக் குறூப்பில செய்தி போடுறதெண்டா இங்கிலிஸ் வேணும். ஓஎல் சோதனைக்குப் படிக்கிற பேரன் தான் எழுத்துவேலை. அவன் எழுதினது, "தே றொப்ட் அவர் வோட்டர் பம்". மாமி அவனை நம்பாமல் பின்னேரம் வீடியோ கோலில தானே பேத்திக்கு "லாஸ்ற் நைற் ஐ வோஸ் ஸ்டோலன்" எண்டு சொல்ல, அந்தச் சின்னன் கண்ணை முழிச்சு, அப்ப ஆர் அம்மம்மா உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது எண்டு கேட்டுதாம்.

பேரன்ர வசனம் இங்கிலிஸ்காரன்ர காதுக்கு எப்பிடி விழுமெண்டா, ஆரோ பம்மை வழிமறிச்சு, கத்தியக் காட்டி, பம்மிட்ட இருந்த காசைப் பறிச்சுக்கொண்டு போன மாதிரி. மாமின்ர வசனம் மாமியத் தூக்கிச் சாக்கில கட்டிக்கொண்டு போன மாதிரி. ரெண்டு பேரும் வினையை மாத்திப் போட்டிருந்தாச் சரி, அவன் ஸ்டோல் எண்டிருக்கோணும், அவ றொப்ட் எண்டிருக்கோணும். ஏன் தம்பி றொப் எண்டு போட்டனி எண்டு கேக்க, "கொள்ளை எண்டாத்தானே அண்ணை அங்க கொஞ்சம் பயந்து காசு அனுப்புவினம்" எண்டான். அதில நியாயம் இருக்கு, இலக்கணம் தான் இல்ல.

விசயம் இது தான். ஸ்டீல் எண்ட வினைக்குச் செயப்படுபொருளா வாறது போன பொருள். சைக்கிள், சங்கிலி, பம், காசு, கோழி. றொப் எண்ட வினைக்குச் செயப்படுபொருளா வாறது பொருளைப் பறிகுடுத்த ஆள், இல்லாட்டி அந்தப் பொருள் இருந்த இடம். என்னை, மாமிய, வங்கிய, வீட்டை, கோயிலை. ஒரே களவு, ஒரே கள்ளன், ஒரே இரவு, ஆனா ஒரு வினை சாமானைப் பாக்குது, மற்றது சாமான்காரரைப் பாக்குது. அந்த ஒரு வித்தியாசத்தில இருந்து மிச்ச இலக்கணம் எல்லாம் தன்பாட்டில வருது. ஸ்டீலுக்குச் சாமான் ஏற்கெனவே வந்திட்டுது, ஆரிட்டயிருந்து போனது எண்டதைச் சொல்ல ஃப்றொம் வேணும், "தே ஸ்டோல் த மணி ஃப்றொம் மீ". றொப்புக்கு ஆள் வந்திட்டுது, என்ன போனது எண்டதைச் சொல்ல ஒவ் வேணும், "தே றொப்ட் மீ ஒவ் மை மணி". இந்த ஒவ் தான் எங்கட ஆக்களுக்குத் தொண்டையில சிக்கிற முள்ளு, ஏனெண்டா தமிழில இப்பிடி ஒரு அடுக்கே இல்ல, ஆனா இங்கிலிஸில இது தனிய நிக்கேல்ல, சீற் (ஏமாத்திறது) எண்டதும் டிப்றைவ் (இல்லாமல் பண்ணுறது) எண்டதும் ஸ்ற்றிப் (உரியிறது) எண்டதும் இதே மாதிரித்தான் நடக்கும், ஆளை முதல்ல பிடிச்சு வச்சிட்டு ஒவ் போட்டுச் சாமானைச் சொல்லும். ஒண்டைப் பாடமாக்கினா மற்றதெல்லாம் வரும்.

தமிழ்ப் பக்கத்தால பாத்தாத்தான் இது ஏன் கஸ்ரம் எண்டு விளங்கும். நாங்கள் களவெடுத்தாலும் சாமானை, பறிச்சாலும் சாமானை, அடிச்சாலும் சுட்டாலும் தூக்கினாலும் சாமானைத் தான். என்ர போனை அடிச்சிட்டாங்கள், சைக்கிளைத் தூக்கிட்டாங்கள், றோட்டில போகேக்க அக்கான்ர சங்கிலியை அறுத்துக்கொண்டு போட்டாங்கள். கழுத்தில காயம் வர அறுத்திருந்தாலும் வசனத்தில ஐ உருபு போய் ஒட்டுறது சங்கிலியில, அக்காவுக்குக் கிடைக்கிறது வெறும் 'ன்ர'. என்னைக் களவெடுத்திட்டாங்கள் எண்டா ஆளைக் கடத்தினது தான். இன்னும் போனா எங்களுக்குக் களவெடுத்தவனே தேவையில்லை, "பம் களவு போட்டுது" எண்டு சொன்னாப் போதும், பம் தானே எழும்பிக் களவுக்குள்ள நடந்து போயிட்டுது. மாமி "ஐ வோஸ் ஸ்டோலன்" எண்டது இதில இருந்து வந்தது தான் எண்டு நான் நினைக்கிறன், போனதைச் சொல்லுற வினையை எடுத்துத் தன்னை அதில ஏத்தி விட்டிட்டா.

இங்கிலிஸில பறிகுடுத்த ஆளே வசனத்துக்குத் தலையா வந்து நிக்கலாம், "ஐ வோஸ் றொப்ட்". அவ்வளவு தான் வசனம், என்ன போனது எண்டு சொல்லத் தேவையில்ல, ஆர் எடுத்தது எண்டும் சொல்லத் தேவையில்ல, எனக்கு நடந்தது எண்டது மட்டும் போதும். சாமானையும் சொல்லவேணும், ஆளும் முன்னால நிக்கவேணும் எண்டா ஸ்டீலிலயே ஒரு வழி இருக்கு, "ஐ ஹாட் மை ஃபோன் ஸ்டோலன்". இதைச் சொல்லிக்குடுக்கேக்க ஒரு பெட்டை எழும்பி, அப்ப அவவே ஆள் வச்சுக் களவெடுப்பிச்சவவோ எண்டு கேட்டவ, நல்ல கேள்வி, ஏனெண்டா "ஐ ஹாட் மை ஹெயார் கட்" எண்டா தலைமயிர் வெட்டுவிச்சது தானே. ரெண்டுக்கும் அமைப்பு ஒண்டு தான், எது விரும்பிச் செய்விச்சது எது தலையில வந்து விழுந்தது எண்டதை கேக்கிறவர் தான் விளங்கிக்கொள்ளவேணும். தங்கட சைக்கிளைத் தாங்களே ஆள் வச்சுக் களவெடுப்பிச்சு இன்சூரன்ஸ் கேக்கிறவையைப் பற்றி எழுதினாலும் இதே வசனம் தான் வரும்.

கொள்ளையடிக்கிறது எண்ட தமிழ் வினை மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. வங்கியைக் கொள்ளையடிச்சாங்கள் எண்டும் சொல்லலாம், வங்கிக் காசைக் கொள்ளையடிச்சாங்கள் எண்டும் சொல்லலாம், ரெண்டும் காதுக்கு உறுத்தாது. சனத்தைக் கொள்ளையடிக்கிறாங்கள் எண்டு தேத்தண்ணிக் கடையில அரசியல் கதைக்கேக்க சொல்லுவினம், அதுவும் சரி. றொப் எண்டா கொள்ளை எண்டு கொப்பியில எழுதினவுடன பெடியன் கொள்ளையடிக்கிறதுக்கு இருக்கிற அந்தச் சுதந்திரத்தை அப்பிடியே றொப்புக்கும் குடுத்திடுறான், அங்க தான் "றொப்ட் அவர் பம்" பிறக்குது. பெடியன்ர மூளையில பழுதில்ல, கொப்பியில தான்.

கருத்து வித்தியாசம், அதாவது வெருட்டினால் றொப், ஒளிச்செடுத்தால் ஸ்டீல் எண்டது, உண்மையில எங்க கறாரா நிக்குதெண்டா கோட்டில, அதாவது நீதிமன்றத்தில. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவுக்கு 1860 இல எழுதினதைப் பாத்து எழுதினது, அதில தெஃப்ட்டுக்குத் தண்டனை 367 ஆம் பிரிவு, றொபரிக்கு 380. தெஃப்ட் எண்டா அடுத்தவர் கைவசம் இருக்கிற அசையக்கூடிய பொருளை, அவர்ர சம்மதம் இல்லாமல், நேர்மையில்லாத நோக்கத்தோட நகர்த்திறது. நகர்த்தினாலே காணும், படலை தாண்டிக் கொண்டுபோகவேணும் எண்டு கூட இல்ல. அந்தக் களவைச் செய்யிறதுக்காக ஆளைக் கொலை செய்தாலோ, அடிச்சாலோ, மறிச்சு வச்சாலோ, இந்தா இப்பவே அடி விழப்போகுதெண்டு பயப்படுத்தினாலோ அது றொபரி ஆகுது. அதாவது சட்டத்தின்ர கண்ணில றொபரிக்குள்ள ஒரு களவும் ஒளிச்சிருக்கு (இல்லாட்டி வெருட்டி வாங்கிறது, அதை விடுவம்). ஒரு லோயர் இந்த ரெண்டையும் மாத்திச் சொன்னா ஆள் உள்ள இருக்கிற வருசக் கணக்கே மாறிப்போகும்.

ஆனா வீட்டில கதைக்கிற இங்கிலிஸில அந்தக் கறார் இல்ல. நல்லூர்த் திருவிழா 25 நாள், தேரண்டு வீட்டைப் பூட்டிப்போட்டு முழுக் குடும்பமும் வீதிக்குப் போயிடும், அந்த நேரம் பாத்து ஓட்டைப் பிரிச்சு இறங்கி அலுமாரியை உடைச்சு நகையெடுத்துக்கொண்டு போனா, அங்க ஆரையும் வெருட்டேல்ல, ஒரு அடியும் விழேல்ல, ஆள் இருந்தாத்தானே வெருட்ட. ரியூசன் கொப்பிப்படி பாத்தா அது ஸ்டீல் மட்டும் தான். எண்டாலும் இங்கிலிஸ்காரன் தயக்கமில்லாமல் "அவர் ஹவுஸ் வோஸ் றொப்ட்" எண்டு தான் சொல்லுவான், ஏனெண்டா வீட்டைத் தலையா வச்சிட்டான், வீடு தலையா வந்தா ஸ்டோலன் எண்டு சொல்ல ஏலாது, வீட்டை ஆர் தூக்கிக்கொண்டு போறது. அதால தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுறன், கருத்தைப் பாத்து வினையத் தேடாதேங்கோ, பக்கத்தில இருக்கப்போறது ஆளோ சாமானோ எண்டு பாருங்கோ, நூத்துக்குத் தொண்ணூறு வசனத்தை அது சரிக்கட்டும். வீடுடைச்சுக் களவெடுக்கிறதுக்குத் தனிய பேர்க்கிள் எண்டும் ஒரு வினை இருக்கு, அது பேர்க்லர் எண்ட பெயர்ச்சொல்லில இருந்து 19 ஆம் நூற்றாண்டில பின்பக்கமாப் பிறந்தது, அமெரிக்கன் அதையும் விடாமல் பேர்க்லறைஸ் எண்டு நீட்டி வச்சிருக்கிறான்.

பெயர்ச்சொல்லைக் கெதியாச் சொல்லிப்போட்டு விடுறன். றொப் நல்ல பிள்ளை, றொபர், றொபரி எண்டு வரிசையா வரும். ஸ்டீல் அப்பிடியில்ல, களவெடுக்கிறவனை ஸ்டீலர் எண்டு தனியச் சொல்லுறதில்ல, தீஃப், செய்யிறது தெஃப்ட், இந்த ரெண்டும் ஒரே வேர், ஸ்டீலின்ர வேர் வேற. ஆனா ஸ்டீலுக்கு முந்தி சொந்தமா ஒரு பெயர் இருந்தது, ஸ்டெல்த். ஒரு காலத்தில ஸ்டெல்த் எண்டா களவு தான், பிறகு களவைக் கழட்டி விட்டிட்டு ஒளிவுமறைவு எண்ட கருத்தை மட்டும் வச்சுக்கொண்டுது, இப்ப ராடருக்குத் தெரியாத பிளேனுக்குப் பேரா நிக்குது. இந்த இடத்தில தமிழ் ஆக்கள் தலையாட்டாமல் இருக்கேலாது, எங்கட களவுக்குள்ளயும் அதே ஒளிவு தான் கிடக்கு. பழைய அகப்பாட்டில ஆணும் பெண்ணும் ஊருக்குத் தெரியாமல் சந்திக்கிற காலத்துக்குப் பேர் களவு, கலியாணம் கட்டினாப் பிறகு கற்பு. அங்க ஒருத்தரும் ஒண்டையும் களவெடுக்கேல்ல, ஒளிச்சினம், அவ்வளவு தான். இண்டைக்கும் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருக்கிறவனுக்குக் கள்ளக்காய்ச்சல், குனிஞ்சு வேலை செய்யாதவன் வேலைக்கள்ளன், களவு போன சாமான் எதுவும் இல்லாமலே எல்லாரும் கள்ளர். "ஹீ ஸ்டோல் அவுட் ஒவ் த றூம்" எண்டா அவன் கதவுக்கால ஒண்டையும் கொண்டுபோகேல்ல, சத்தமில்லாமல் மெல்ல மாறிட்டான், இதில ஸ்டீலுக்குச் செயப்படுபொருளே இல்ல. ஸ்டீல் எ க்ளான்ஸ் எண்டது எங்கட கள்ளப்பார்வை தான், சொல்லுக்குச் சொல்லு. றொப்பை இந்தமாதிரி ஒண்டுக்கும் பாவிக்க ஏலாது, அது பூனை நடை நடக்கத் தெரியாத வினை. அதின்ர வேரும் அப்பிடித்தான், பழைய பிரெஞ்சில இருந்து வந்தது, றோப் எண்ட நீள உடுப்புக்கும் இதுக்கும் ஒரே வேர், சண்டையில விழுந்தவன்ர உடுப்பைக் கழட்டி எடுக்கிறது, கொள்ளைப்பொருள் எண்டது தான் உடுப்பின்ர பேராப் போனது.

விலை கேக்கிற இடத்தில இந்த ரெண்டு வினையும் எதிரெதிர்ப் பக்கம் போய் நிக்கிறது எனக்கு எப்பவும் சிரிப்பு. நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நினைச்சதிலும் மலிவா வாங்கினா "இற்ஸ் எ ஸ்டீல்", அதையே அறாவிலைக்கு வித்தா "இற்ஸ் டேலைற் றொபரி". வாங்கினவன் வெண்டா ஸ்டீல், வாங்கினவன் தோத்தா றொபரி, முதலாவதில நான் கள்ளன், ரெண்டாவதில யாவாரி கொள்ளைக்காரன். தமிழ் ரெண்டுக்கும் கொள்ளையே போதும் எண்டிட்டுது. விலை கூடினா பகல்கொள்ளை, குறைஞ்சா கொள்ளை மலிவு. இதை எழுதிக்கொண்டிருக்கேக்க ஞாபகம் வருது, தெருத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடிச்சவன்ர கதைக்குப் பக்கத்தில இங்கிலிஸில பீற்றரை றொப் பண்ணி போலுக்குக் குடுத்த கதை ஒண்டு இருக்கு, சரிக்குச் சரி இல்ல, எண்டாலும் பாருங்கோ, நாங்கள் தேங்காயைச் சொல்லுறம், அவை பீற்றரைச் சொல்லுகினம். எங்கட கதையில தேங்காய்க்குச் சொந்தக்காரன் ஆரெண்டே ஆருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடக் கிரிக்கெட் பிக் மச்சில தொண்ணூறு ஓட்டம் தாண்டி நிக்கிற பெடியனுக்கு அம்பயர் பிழையாக் கையைத் தூக்கினா அவன் "றொப்ட் ஒவ் எ செஞ்சரி", அதே பெடியன் ஃபீல்டர் அசந்த நேரம் பாத்து ஓடி ஒரு ஓட்டம் எடுத்தா "ஸ்டோல் எ சிங்கிள்". இதுக்கு விளக்கம் தேவையில்ல.

பாரமான இடம் வேற. போர் எங்கட சின்ன வயசைப் பறிச்சுப்போட்டுது எண்டதை இங்கிலிஸில ரெண்டு விதமா எழுதலாம். "த வோர் ஸ்டோல் அவர் சைல்ட்ஹூட்", "த வோர் றொப்ட் அஸ் ஒவ் அவர் சைல்ட்ஹூட்". ரெண்டும் இலக்கணத்துக்குச் சரி, ரெண்டும் எழுதுகினம், ஆனா நான் ரெண்டாவதைத்தான் எடுப்பன், ஏனெண்டா அதில வினைக்குப் பக்கத்தில நாங்கள் இருக்கிறம். முதலாவதில போன சாமான் மட்டும் தான் தெரியுது, ஆக்கள் சும்மா அவர் (எங்கட) எண்ட ஒரு சின்ன இங்கிலிஸ் சொல்லுக்குள்ள ஒதுங்கி நிக்கினம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. மழை, செம்மணிப் பக்கத்தால தென்மராட்சிக்குப் போற றோட்டில கால் வைக்க இடமில்லை. அடுத்த வருசம் சித்திரை, வைகாசியில சனம் திரும்பி வரேக்க கன வீட்டில சுவர் இருந்தது, கதவு நிலையோட இல்ல, யன்னல் இல்ல, கூரையில ஓடும் மரமும் இல்ல, சில இடத்தில சுவருக்குள்ள ஓடின கரண்ட் வயரைக் கூட இழுத்தெடுத்திருந்தினம், சுவர் நீளத்துக்கு ஒரு தவாளிப்பு மட்டும் கிடந்தது. இதுக்கு என்ன வினை போடுறது. ஸ்டீல் எண்டா ஒளிவு வேணும், இதில ஆருக்கு ஒளிக்கிறது, ஊரே காலி. றொப் எண்டா பறிகுடுக்கிற ஆள் முன்னால நிக்காட்டிலும் பரவாயில்ல, வீடு வந்தாச் சரி, ஆனா ஒரு வீடில்ல, ஒழுங்கை ஒழுங்கையா, ஊர் ஊரா, அப்ப றொப் சின்னதாப் போயிடுது.

இங்கிலிஸில இதுக்கு எண்டு இருக்கிறது லூட். சண்டை, கலவரம், ஆள் எழும்பின ஊர் எண்டு வந்தாத்தான் இந்த வினை வெளியில வரும். இதின்ர இலக்கணத்தைப் பாத்த அண்டைக்கு எனக்குப் புதினமாக் கிடந்தது, லூட் வீட்டையும் எடுக்கும், சாமானையும் எடுக்கும். "தே லூட்டட் த ஹவுசஸ்" எண்டாலும் சரி, "தே லூட்டட் த டோர்ஸ் அண்ட் விண்டோஸ்" எண்டாலும் சரி. அப்பிடியே எங்கட கொள்ளையடிக்கிறது. றொப்புக்கும் ஸ்டீலுக்கும் நடுவில இங்கிலிஸ் போட்டு வச்சிருக்கிற அந்த மதில் இந்த வினைக்கு இல்ல. எங்க இருந்து வந்த சொல்லெண்டு பாத்தா இங்கிலிஸே இல்ல, ஹிந்தி லூட், அதுக்குப் பின்னால சமஸ்கிருதம், கிழக்கிந்தியக் கம்பனிக்காரர் இந்தியாவில இருந்த காலத்தில எடுத்துக்கொண்டு போனது. அந்தச் சொல்லை அவை எப்பிடி எடுத்தவை எண்டதுக்கு எந்த வினை போடுறதெண்டு நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ.

இனி ஒரு சங்கடத்தையும் சொல்லாமல் விட்டா நியாயமில்ல. அயர்லாந்திலயும் லிவர்பூல் பக்கத்திலயும் சாதாரணச் சனம் "சம்படி றொப்ட் மை பைக்" எண்டு தான் கதைக்கும், அதில சாமான் தான் றொப்புக்குப் பக்கத்தில வந்து இருக்கு, ஒருத்தரும் அதைத் திருத்திறதில்ல. சைக்கிளைப் பறிகுடுத்திட்டு நிக்கிறவனுக்கு இலக்கணம் ஆர் பாக்கிறது. யூரியூப்பில அந்தப் பக்கத்து ஆக்கள் கதைக்கிறதைக் கேட்டிட்டு வந்து, சேர் நீங்கள் பிழையெண்டது அங்க சரியாம் எண்டு பெடியள் மடக்குவாங்கள், மடக்கத்தான் வேணும். அது அவேன்ர வீட்டுக் கதை, நாங்கள் குசினியில கதைக்கிறதைப் பேப்பரில எழுதாத மாதிரி அவையும் அதைக் கடதாசியில எழுதாயினம். அங்க போய் இருந்தா அப்பிடிக் கதையுங்கோ. ஓஎல் இங்கிலிஸ் பேப்பர் திருத்திறவை லிவர்பூலில பிறக்கேல்ல.